யோகலிங்கத்தின் சட்டைப் பை

லண்டன் மனோர் பார்க்கில் வருகிற போன் ஒன்றையும் தவறவிடாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது யோகலிங்கம்தான். நம்பர் காட்டாத அழைப்பு வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கரைச்சல் என்று வெட்டிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம். யோகலிங்கம் எடுப்பார். எடுக்கும்போது இருந்த இடத்தை விட்டு எழும்பியும் நிற்பார். மறுபக்கத்தில் ஒருத்தன், அண்மையில் உங்களுக்குக் கார் விபத்து ஏதும் நடந்ததா என்று கேட்பான். "நோ சார், ஐ கோ பை பஸ்" என்று இவர் பணிவாகப் பதில் சொல்வார். நடக்காத விபத்துக்கு நட்டஈடு வாங்கித் தருகிறவர்கள், இல்லாத வீட்டுக்குக் கூரை போட்டுத் தருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் நல்ல பழக்கம்.

இந்த மனுசனுக்கு என்ன விசரா என்று கேட்காதீர்கள். அவருடைய மனைவி பாலாம்பிகைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுப் போயின. கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். இரத்தத்தைக் கழுவி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிழிந்த துணி மாதிரிக் கிடப்பாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து நான்கு வருடம். பொருத்தமானது ஒன்று எங்கேயாவது கிடைத்தால், எந்த நேரமென்றாலும் போன் வரும், உடனே புறப்பட்டு வரவேண்டும், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் ஆறுதலாகவும் தெளிவாகவும் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி போனும் நம்பர் காட்டாமல்தான் வரும். அதனால்தான் யோகலிங்கம் எல்லாவற்றுக்கும் எழும்பி நின்றார்.

பதியும்போது மூன்று நம்பர் கொடுத்திருந்தார்கள். வீட்டுப் போனை, அதில் கள்ளர்களைத் தவிர வேறு ஒருவரும் அழைப்பதில்லை என்று பிறகு வெட்டிவிட்டார்கள். மகள் மிதுஷா கலியாணம் கட்டி ரொறன்ரோ போன கையோடு அவளுடைய லண்டன் நம்பரும் போயிற்று. மிஞ்சியது யோகலிங்கத்தின் நம்பர் ஒன்றுதான். பாலாம்பிகையின் நம்பரை அவர் கொடுக்கவில்லை. "நீர் பயந்துபோவீர். அவையள் கடகடவெண்டு இங்கிலீசிலை கதைப்பினம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவளும் களைத்த மனுசி, சரி என்று விட்டுவிட்டாள்.

கதவடியில் ஒரு பை. போன் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. உள்ளே மாற்றுடுப்பு, துவாய், சின்ன முருகன் படம். நான்கு வருடத்தில் அந்தப் பையிலிருந்த சுவெற்றரைப் பாலாம்பிகை எத்தனையோ தரம் குளிருக்கு எடுத்துப் போட்டுத் தோய்த்துத் திரும்ப வைத்திருக்கிறாள்.

யோகலிங்கத்துக்கு வேலை ஒரு பெற்றோல் ஸ்டேசனில், காசாளர் மேசையில். காலைப் பூசைக்குச் சேர்ச் ரோட்டில் முருகன் கோயிலுக்குப் போய், கும்பிட்டு, ஐயர் தருகிற திருநீற்றில் கொஞ்சம் நெற்றிக்குப் பூசி, மிச்சத்தை ஒரு துண்டுக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். அது பாலாம்பிகைக்கு. அவளுக்கு இப்போது சனக்கூட்டத்துக்குள் போக ஏலாது, கிருமி தொற்றிவிடும். அவள் கோயிலுக்கு வராவிட்டால் என்ன, கோயில் அவளிடம் போகட்டுமே என்பது அவருடைய எண்ணம். பிறகு பஸ் ஏறி வேலைக்குப் போவார். வேலை முடிந்து வந்து அந்த மடிப்பை அவளிடம் கொடுப்பார்.

கம்பனி கொடுத்த சட்டைக்கு ஒரே ஒரு பை, நெஞ்சில். வேலை நேரத்தில் போன் சத்தம் போடக்கூடாது என்று சட்டம். முதலாளி பாவம் பார்த்து, அதிர்கிற மாதிரி வைத்துக்கொள்ள விட்டிருந்தார். அதிர்ந்தால் நெஞ்சில் தெரியவேண்டும், காற்சட்டைப் பையில் போட்டால் தெரியாமல் போய்விடும். திருநீற்றையாவது காற்சட்டைப் பையில் போடலாம்தானே என்றால், சிவசிவா, இடுப்புக்குக் கீழே திருநீறு வைக்கலாமோ? ஆகவே இரண்டும் ஒரே பையில். போன் நிமிர்ந்தபடி, சார்ஜ் போடுகிற வாய் அடியில். அதற்குப் பக்கத்தில் திருநீறு.

அண்மைக் காலமாக அந்த மடிப்பைப் பிரித்துப் பார்க்கிற நேரமெல்லாம் பாலாம்பிகை பகிடி விடுவாள்.

"இஞ்சாருங்கோ, ஐயருக்கும் இப்ப கை சுருங்கிப்போச்சோ? ஒரு நெத்திக்கும் காணாது போல கிடக்கு."

"விலைவாசி அப்பிடி" என்பார் யோகலிங்கம்.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் சிரிப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது.

போன் கரைச்சல் கொடுக்கத் தொடங்கியது கோடை முடிகிற நேரம். வயரைச் செருகினால் பிடிக்காது. செருகி, கொஞ்சம் மேலே தூக்கி, இடப்பக்கம் சரித்து, மூச்சை அடக்கினால் சார்ஜ் ஏறும். மேசையில் ஆரோ தும்மினால் நின்றுவிடும். யோகலிங்கம் வயரை மாற்றினார். பிறகு வயரை றப்பர் பாண்டால் போனோடு சேர்த்துக் கட்டினார். சட்டிக்கு அடியில் துண்டு வைக்கிற மாதிரிப் போனுக்கு அடியில் தீப்பெட்டி வைத்தார். படுத்திருந்தாலும் அரைமணிக்கு ஒருக்கால் எழும்பிப் பார்ப்பார், ஏறுகிறதா என்று. அந்த மனுசன் ஒழுங்காகக் கண்ணயர்ந்து எவ்வளவு காலம் என்று அவருக்கே தெரியாது. பாலாம்பிகையிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நித்திரை கொள்வதே அந்தப் போன் உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான்.

அவளுடைய போனுக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. அது மிதுஷா கொடுத்தது. அம்மாவின் விரல்கள் விறைத்துப்போய்ச் சின்னப் பின்னைச் செருக ஏலாமல் இருக்கிறதென்று, சாசர் மாதிரி ஒரு வட்டத் தட்டும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். போனைத் தட்டின்மேல் வைத்தால் போதும், வயர் செருகாமலே ஏறும். பாலாம்பிகை அதைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போலக் கிடத்துவாள்.

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து யோகலிங்கம் தன்னுடைய போனைத் தூக்கி அந்தத் தட்டில் வைத்தார். தட்டின் விளக்கு மினுக்கு மினுக்கென்று மினுக்கியது. அடடா, வேலை செய்யுது என்று மகிழ்ந்துபோய்த் தேத்தண்ணி வைத்தார். குடித்து முடித்து வந்து பார்த்தால், ஏறவில்லை, இருந்ததிலும் குறைந்திருக்கிறது.

கோயிலில் பத்ரிநாராயணன் என்று ஒருவர் வருவார். சென்னைக்காரர், ஐடி வேலை, நல்ல மனிதர். அவரிடம் போனைக் காட்டினார்.

பத்ரி திருப்பிப் பார்த்தார். "இதுல வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது சார். உள்ளே செப்புக் கம்பிச் சுருள் ஒண்ணு இருக்கணும். விலை கொறஞ்ச மாடல்ல அதை வைக்க மாட்டாங்க. லைட் மினுக்கினா ஏறலைன்னு அர்த்தம்."

"அப்ப வேற வழியே இல்லையோ தம்பி?"

"இருக்கு சார். ஒரு ஸ்டிக்கர் விக்கிறாங்க, அட்டை மாதிரி மெல்லிசா இருக்கும். அதுக்குள்ள அந்தச் சுருள் இருக்கு. போன் முதுகுல ஒட்டி, மேல கவர் போட்டுட்டா வெளியவே தெரியாது. அப்புறம் எந்தத் தட்டுல வெச்சாலும் ஏறும். கொஞ்சம் மெதுவா ஏறும், அவ்வளவுதான்." பிறகு ஒன்று கேட்டார். "ஆமா, சார்ஜ் போடற ஓட்டை நல்லா இருக்குல்ல? அந்த ஸ்டிக்கரோட வாலை அதுலதான் செருகணும்."

இங்கேதான் யோகலிங்கம் பிழைவிட்டார். "ஓம் ஓம், அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். ஏன் அப்படிச் சொன்னாரென்றால், பின்னால் அர்ச்சனைக்கு ஆட்கள் நின்றார்கள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று, அதோடு தன்னுடைய சாமான் பழுது என்று இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ள எங்கள் ஆட்களுக்கு நாக்கு வராது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலையில் நிற்கும்போது போன் ஒரேயடியாகச் செத்தது. வயர் சரித்தும் பிடிக்கவில்லை, நிமிர்த்தியும் பிடிக்கவில்லை. பவர் பாங்கும் அதே வாயால்தானே ஊட்டவேண்டும், அதுவும் உதவவில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம் என்றால், கையில் எடுக்கக்கூடிய சிம் இல்லை. போன் கம்பனிக்காரர் உள்ளுக்குள்ளேயே எழுதிக் கொடுத்த புதுமாதிரிச் சிம். முன்னேற்றம் என்றால் இப்படித்தான், அவசரத்துக்குக் கழற்றக்கூட ஒன்றும் இருக்காது!

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், ஓடர் பண்ணியிருந்த ஸ்டிக்கர் தபாலில் வந்து கிடந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார். பத்ரி சொன்னது போலவே மெல்லிய அட்டை. அதிலிருந்து நாடா மாதிரி ஒரு வால், வாலின் நுனியில் பின். பின்னைப் போனின் வாய்க்குள் தள்ளினார். பாதி போய் நின்றது. அமத்தினார். போகாது. வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றுகிற சாமானுக்கும் அதே வாய்தான் வேண்டியிருக்கிறதென்று அப்போதுதான் அவருக்குச் சரியாக உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்து, உறையும் கையுமாக, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல் அழுதார்.

"போன் இருக்கோ?" வெளியே வந்ததும் பாலாம்பிகை கேட்டாள். அவள் ஒவ்வொரு நாளும் படுக்கப் போக முன் கேட்கிற கேள்வி அது.

"ஓம். இருக்கு."

சனிக்கிழமை அவளுக்கு டயலிசிஸ். ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. இவர் கோயிலுக்குப் போனார். வழக்கமாக முருகனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த அழைப்பு வரவேண்டும். அன்றைக்கு வாய் குழறியது. முருகா, இண்டைக்கு வேண்டாம், நேற்றும் வந்திருக்கக்கூடாது, திங்கள் லீவிலை போனைத் திருத்தின பிறகு பார்ப்பம் என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன்னைத் தானே நொந்துகொண்டார். நான்கு வருடம் இரந்து கேட்டதை இன்று வேண்டாம் என்று கேட்கிற மனுசனைச் சாமி என்னவென்று நினைக்கும்? திருநீற்றை மடித்து, பழக்கதோசத்தில் அதே பையில், செத்த போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேலைக்குப் போய், நேற்று அழைத்தார்களோ என்று கேட்க, அங்கேயிருந்த போனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அடித்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கடிதத்தில் பார்த்துக் கையில் எழுதி வந்த நம்பர். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு ஓடியது. மேசைக்கு முன்னால் பெற்றோல் அடித்த சனம் வரிசை கட்டி நின்றது, ஒருத்தன் கார்த் திறப்பால் கண்ணாடியில் தட்டினான். வைத்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் அரைநாள்தான் வேலை. பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்தால், பாலாம்பிகை அவருக்கு முன்னரே வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். கையில் ஊசி ஏற்றிய இடத்தில் கட்டு. முகம் கடதாசி மாதிரி வெளிறியிருந்தது.

"இரத்த அழுத்தம் விழுந்திட்டுது, நேரத்தோட அனுப்பிப்போட்டினம்" என்றாள். "உங்களுக்குப் போன் எடுத்தனான். மூண்டு தரம். மணியே அடிக்கேல்லை."

யோகலிங்கம் சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் நின்றார்.

"போன் இருக்கோ?" என்று அவள் திரும்பக் கேட்டாள்.

பொய் சொல்லவும் பெலன் வேண்டும். அவரிடம் அது முடிந்துபோயிருந்தது. "இல்லையப்பா. நேற்று மத்தியானம் செத்துப்போச்சு" என்றார். "வந்திருந்தால்... பாலா, நேற்று வந்திருந்தால்..."

அவள் கையை நீட்டினாள். "கொண்டாங்கோ."

போனை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அதன் வாய்க்குள் பார்த்தாள். விரல் விறைத்தவளுக்குக் கிட்ட உள்ளதைப் பார்க்கக் கண்ணில் குறையில்லை. ஒருதரம் ஊதினாள். பிறகு, "அந்தப் பல்லுக் குத்துற குச்சியை எடுங்கோ. ஒரு தட்டும் எடுத்து வையுங்கோ, நிலத்திலை சிந்தக்கூடாது" என்றாள்.

"என்ன சிந்தக்கூடாது?"

"எடுங்கோவன் முதல்."

குச்சியை அவரிடமே கொடுத்துக் கிண்டச் சொன்னாள், தன் விரலுக்குப் பிடிபடாது என்று. எவர்சில்வர் தட்டுக்குமேல் போனைக் கவிழ்த்து யோகலிங்கம் மெல்லச் சுரண்டினார். முதலில் ஒரு தூள். பிறகு சின்னக் கட்டி. வேர்வையும் லண்டன் மழையும் சேர்ந்து இறுகிப்போன கட்டி, சுவர்ப் பூச்சு உடைகிற மாதிரி உடைந்து உடைந்து விழுந்தது. வெள்ளை வெளேரென்று. விழ விழ, கற்பூரமும் சந்தனமும் கலந்த அந்த வாசம் குசினியில் எழும்பியது.

யோகலிங்கத்தின் கை நின்றது.

"எனக்கெண்டு கொண்டுவந்ததெல்லாம் இதுக்குள்ளையெல்லோ கிடக்கு!" என்றாள் பாலாம்பிகை. "நான் சும்மா ஐயரைத் திட்டினன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த அழைப்புக்காகப் போய்க் கும்பிட்டாரோ, அந்த அழைப்பின் வாயைக் கும்பிட்ட கையாலேயே அடைத்து வைத்திருக்கிறார். கேடுகெட்டவன் நான் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, "முதல்லை வயரைப் போடுங்கோ" என்றாள்.

வயர் டிக்கென்று உட்கார்ந்தது. சரிக்கவில்லை, தூக்கவில்லை. போன் உயிர் வருவதற்கு எடுத்த நேரம் முழுக்க இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை வெளித்தது. தவறிய அழைப்புகள் வரத் தொடங்கின. முதல் மூன்றும் பாலாம்பிகையின் நம்பர், நான்காவது நம்பர் காட்டாதது. யோகலிங்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பேசி விட்டிருந்ததைக் கேட்கக் குரல் பெட்டியைத் தட்டிக் காதில் வைத்தார். கூரை போடுகிறவன் ஒருத்தன். வேறு ஒன்றுமில்லை.

"வரேல்லை!" என்று கத்தினார். "பாலா, வரேல்லையப்பா! ஆஸ்பத்திரியாலை ஒருத்தரும் எடுக்கேல்லை! முருகா!"

தைப்பொங்கலுக்குப் பால் பொங்கினால் கத்துவது மாதிரிக் கத்தினார். பிறகுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கதவடியில் பை அப்படியே இருந்தது. நான்கு வருடமாகக் காத்திருந்தது வரவில்லை என்று கொண்டாடுகிறோமே என்று விளங்கியதும் சத்தம் அடங்கிப்போனது. அவளுக்கு முன்னால் கதிரையில் இருந்தார். உடம்பு முழுக்க நொந்தது. ஒற்றைச் சப்பாத்து இன்னும் காலில் இருந்தது.

பாலாம்பிகை தட்டில் கிடந்த திருநீற்றில் விரலை வைத்துத் தன் நெற்றியில் பூசினாள். எட்டி அவருடைய நெற்றியிலும் பூசினாள்.

"என்ர போன் எந்த நேரமும் அந்தத் தட்டிலை ஏறித்தானே கிடக்கு" என்றாள். "அதின்ர நம்பரைக் குடுத்தால் என்ன?"

"அவையள் இங்கிலீசிலை—"

"கிட்னி எண்டால் எனக்கு விளங்காதோ? கம் எண்டால் விளங்காதோ? அதுக்குமேலை என்னத்தைச் சொல்லப்போகினம்?"

இவ்வளவு காலமும் அவளுக்காகச் சுமப்பதாக நினைத்தார். அவளிடம் கேட்காமலே அவளுடையதைப் பறித்து வைத்திருக்கிறோம் என்று அன்றுதான் வெட்கப்பட்டார்.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கந்தோர் திறந்த நேரத்துக்குப் பாலாம்பிகை தன்னுடைய போனிலிருந்து தானே அடித்தாள். பாட்டு முடியும்வரை பொறுமையாக இருந்தாள். யோகலிங்கம் பக்கத்தில் நின்று, தேவையென்றால் வாங்கிக் கதைக்கக் கையை நீட்டியபடி இருந்தார். அந்தப் பக்கத்துப் பெண் நல்ல மாதிரி. நோயாளிக்காகக் கதைக்கிறீர்களா, நீங்கள் மகளா என்று கேட்டாள்.

"நோ" என்றாள் பாலாம்பிகை. நிமிர்ந்து இருந்தாள். "ஐ ஆம் த பேஷண்ட்."

யோகலிங்கம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பச் சொன்னதைக் கேட்டு, ஒன்றைத் திருத்தவும் செய்தாள். வைத்த பிறகு போனைக் கொண்டுபோய் வட்டத் தட்டில் வைத்தாள். தட்டின் விளக்கு மினுக்காமல் அமைதியாக எரிந்தது.

"நான் இருக்கிறன்" என்றாள் புருசனிடம். "நீங்கள் போய்ப் படுங்கோ."

அன்று அவருக்கு வேலை இல்லை. யன்னலால் வெயில் விழுந்துகொண்டிருந்த கட்டிலில், போட்ட சறத்தோடு சரிந்தார். கொஞ்ச நேரத்தில் குசினியில் போன் அடித்தது. நம்பர் காட்டாத அழைப்பு. பாலாம்பிகை மேசையைப் பிடித்து எழும்பி நின்று எடுத்தாள், கேட்டாள்.

"நோ அக்சிடென்ட், தம்பி" என்றாள்.

உள்ளே யோகலிங்கம் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மணிச் சத்தத்துக்கு அவர் எழும்பவில்லை.